தனியறையில் ஒரு பன்மை

கிறிஸ்தவர்கள் தனிஜெபம் என்றும் கத்தோலிக்க வழக்கில் தனிச்செபம் என்றும் குறிப்பிடுவது, திருச்சபை கூடி நடத்தும் ஆராதனைக்கும் வீட்டார் இரவில் சேர்ந்து செய்யும் குடும்ப ஜெபத்துக்கும் புறம்பே, ஒருவர் தாமாகக் கடவுளை நோக்கிப் பேசும் அல்லது பேசாதிருக்கும் நேரத்தையாகும். இதற்கு ஆதாரமாக முதலில் காட்டப்படுவது மத்தேயு நற்செய்தியின் 6ஆம் அதிகாரம். தெருமுனைகளில் பிறர் காண நின்று ஜெபிப்பவர்களைப் போலன்றி, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மறைவில் ஜெபிக்க வேண்டும் என்று இயேசு அங்கே கற்பிக்கிறார். ஆயினும் அதற்குச் சில வசனங்கள் தள்ளி அவர் சொல்லிக்கொடுக்கும் ஜெபம் முழுவதும் பன்மையில் அமைந்திருக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு தனியே இருப்பவர் கடவுளை எங்கள் தந்தை என்றே அழைக்கிறார், உணவைக் கேட்கும்போதும் மன்னிப்பைக் கேட்கும்போதும் எங்களுக்கு என்றே கேட்கிறார். 3ஆம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் ஆயராக இருந்து 258இல் கொல்லப்பட்ட சிப்ரியான், இந்த ஜெபத்துக்கு எழுதிய விளக்கத்தில் இப்பன்மையைச் சுட்டிக்காட்டி, கிறிஸ்தவர் தமக்காக மட்டும் வேண்டிக்கொள்வதற்குக் கற்பிக்கப்படவில்லை என்று வாதிட்டார். தனிஜெபத்தைப் பற்றிய போதனைகளில் பெரும்பாலானவை தனிமை என்ற பாதியைப் பற்றிக்கொண்டு இந்த மறுபாதியை நழுவவிடுகின்றன. ஜெபிப்பவர்களைத் தொந்தரவு செய்யும் ஐயங்களில் பலவும் அந்த நழுவலிலிருந்தே பிறக்கின்றன.

டெல்லியில் ஐ.என்.ஏ. சந்தையை அடுத்துள்ள லக்ஷ்மிபாய் நகர் போன்ற மத்திய அரசு ஊழியர் குடியிருப்புகளில் தனிமையில் ஜெபிப்பது எப்படி என்ற ஐயம் முதலில் ஓர் இடப் பிரச்சினையாக எழுகிறது. 1923இல் தோன்றிய டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளுள் ஒன்று இங்கு இயங்குவது, வேலையின் பொருட்டு வடக்கே வந்த தமிழ்க் குடும்பங்களுக்கும் இப்பகுதிக்கும் உள்ள உறவைக் காட்டுகிறது. அவ்வாறு வந்தவர்களில் கிறிஸ்தவர்களும் உண்டு. பெற்றோர், பிள்ளைகள், ஊரிலிருந்து வந்து தங்கும் முதியவர் ஒருவர் என்று பலர் புழங்கும் சிறிய குவார்ட்டர்ஸில், சாத்திக்கொள்வதற்கென்று ஓர் அறை ஒருவருக்கு வாய்ப்பது அரிது. ஆனால் மலைமேல் அந்தப் போதனையைக் கேட்ட கலிலேயரின் நிலையும் இதைவிட வசதியானதாக இருக்கவில்லை. எளியவர்களின் வீடு பெரும்பாலும் ஒரே அறையாக இருந்த காலம் அது. போதித்தவரும்கூட, மாற்கு நற்செய்தி காட்டுகிறபடி, விடியும் முன் எழுந்து வெளியே ஆளில்லா இடத்துக்குப் போயே ஜெபித்தார். ஆகவே கதவைச் சாத்துதல் என்பதன் சாரம் கட்டடத்தில் இல்லை. பார்வையாளரை விலக்குவதில் இருக்கிறது. விலக்குவதற்கு மிகக் கடினமான பார்வையாளர் ஜெபிப்பவரே ஆவார். இன்று எவ்வளவு நேரம் ஜெபித்தோம், மனம் உருகியதா, கண்ணீர் வந்ததா என்று தம்மைத் தாமே மேற்பார்வை பார்த்து மதிப்பெண் இட்டுக்கொள்பவர், கதவைப் பூட்டிய பிறகும் தெருமுனையில்தான் நின்றுகொண்டிருக்கிறார். அதிகாலை ஜெபத்தை மணிக்கணக்கில் அளந்து சாட்சி சொல்லும் வழக்கம் சில சபைகளில் ஊக்கத்துக்காகவே தோன்றியிருக்கலாம் என்றாலும், அது இந்தக் கண்காணிப்பை வளர்க்கிறது என்பதை மறுப்பதற்கில்லை.

அடுத்து எழுவது சொற்களைப் பற்றிய ஐயம். மனப்பாடமான ஜெபத்தைச் சொல்வது உண்மையான தனிஜெபம் ஆகுமா, உள்ளத்திலிருந்து அந்த நேரத்தில் எழும் சொந்தச் சொற்களே ஜெபமா என்பது தமிழ்க் கிறிஸ்தவரிடையே சபைப் பிரிவுகளை ஒட்டி நெடுங்காலமாக நடந்துவரும் வழக்கு. தமிழ்நாட்டில் மனப்பாட ஜெபத்தின் வரலாறு முத்துக்குளித்துறையில் தொடங்குகிறது. 1542இல் அங்கு வந்த பிரான்சிஸ் சேவியர், தமிழ் அறியாதவராகையால், தம் மொழியும் தமிழும் ஓரளவு தெரிந்தவர்களைக் கூட்டி விசுவாச அறிக்கை, கர்த்தர் கற்பித்த ஜெபம், மரியாளை நோக்கிய மங்கள வார்த்தை ஆகியவற்றைத் தமிழில் ஆக்கச் செய்து, கையில் மணியடித்துக்கொண்டு ஊருக்குள் சென்று சிறுவரைத் திரட்டி அவற்றை நெட்டுருப் போடவைத்தார். வீடுதோறும் தாம் போக இயலாததால் அச்சிறுவரையே நோயாளிகளின் வீடுகளுக்கு அனுப்பி ஜெபிக்கச் செய்ததை 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் அவர் விவரிக்கிறார். பின்னர் அதே கரையில் பணியாற்றிய என்றிக்கே என்றிக்கசு தமிழை முறையாகக் கற்றுக் கொணர்ந்த தம்பிரான் வணக்கம், 1578இல் கொல்லத்தில் 16 பக்கங்களில் அச்சாயிற்று. தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூல்களின் வரிசையில் நிற்கும் இது, சமயப் போதனையை எளியவர் மனத்தில் பதியவைப்பதற்கென்று எழுந்த சிறு ஏடு.

1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்குவும் அவருக்குப் பின் வந்தவர்களும் சார்ந்திருந்தது, சடங்கைக் காட்டிலும் உள்ளத்தின் மனமாற்றத்தை வற்புறுத்திய ஜெர்மானியப் பக்தி இயக்கம். அவ்வியக்கம் சொந்தச் சொற்களில் எழும் ஜெபத்துக்கு மதிப்புக் கொடுத்தது. 20ஆம் நூற்றாண்டின் பெந்தெகொஸ்தே சபைகள் அம்மதிப்பை இன்னும் உயர்த்தின. இவர்கள் மனப்பாட ஜெபத்துக்கு எதிராக எடுத்துக்காட்டுவதும் அதே மத்தேயு 6ஆம் அதிகாரத்தில், வீண் சொற்களை அலப்புவதைக் கண்டிக்கும் பகுதியையே. ஆனால் அந்தக் கண்டனம் திரும்பச் சொல்லுதலைக் குறித்ததாக இருக்க முடியாது. கைதாவதற்கு முன் கெத்செமனே தோட்டத்தில் இயேசு மூன்றாம் முறையும் அதே சொற்களைச் சொல்லி ஜெபித்தார் என்று பதிவு செய்திருப்பவரும் மத்தேயுதான். சிலுவையில் உயிர் பிரியும் வேளையில் அவர் வாயில் எழுந்த முறையீடோ 22ஆம் சங்கீதத்தின் தொடக்கம். சிறுவயது முதல் தொழுகைக்கூடத்தில் கேட்டுப் பழகிய, வேறொருவர் எழுதிய வரி. கைவிடப்படுதல் என்ற, எவரோடும் பகிர்ந்துகொள்ள இயலாத அனுபவத்தின் உச்சியில் அவருக்குக் கைகொடுத்தவை முன்னோரின் சொற்களே என்னும்போது, இரவல் சொற்களால் அந்தரங்கமான ஜெபம் ஆகாது என்ற வாதம் நிற்பதில்லை. புரொட்டஸ்டண்டுகளின் மூலவராகிய மார்ட்டின் லூத்தரும் இதில் அவர்கள் எண்ணும் பக்கத்தில் இல்லை. எப்படி ஜெபிப்பது என்று கேட்ட தம் முடிதிருத்துநர் பீட்டருக்கு 1535இல் அவர் எழுதிய சிறுநூல், கர்த்தரின் ஜெபத்தையும் பத்துக் கட்டளைகளையும் விசுவாச அறிக்கையையும் ஒவ்வொரு வரியாக எடுத்துச் சொல்லி, அந்த வரி எழுப்பும் எண்ணங்களைச் சொந்த நன்றியாகவும் அறிக்கையாகவும் வேண்டுதலாகவும் விரித்துக்கொள்ளும் முறையைக் கற்பிக்கிறது. இடையில் ஒரு வரியே உள்ளத்தை நிறைத்துவிட்டால் மற்றவற்றை விட்டுவிட்டு அங்கேயே அமைதியாக இருந்து கேட்கவும் சொல்கிறது. மொழி பழகும் குழந்தை பிறர் சொற்களைச் சொல்லிச் சொல்லித்தான் தன் மனத்தைச் சொல்லக் கற்கிறது. ஜெபத்துக்கும் வேறு வழி இருப்பதாகத் தெரியவில்லை.

இவற்றைக் காட்டிலும் ஆழமான சிக்கல் வேண்டுதலில் இருக்கிறது. வேண்டுதல் அல்லது மன்றாட்டு என்பது குறிப்பிட்ட ஒன்றைத் தரும்படி கடவுளைக் கேட்பது. எல்லாம் அறிந்தவரிடம் எதற்காகக் கேட்க வேண்டும் என்ற வினாவுக்கு, 410இல் ரோமாபுரி சூறையாடப்பட்ட பின் ஆப்பிரிக்காவில் தஞ்சம் புகுந்த புரோபா என்ற கைம்பெண்ணுக்கு எழுதிய கடிதத்தில் அகுஸ்தீன் தந்த விடை, கேட்பதால் கடவுளுக்குச் செய்தி எதுவும் போய்ச் சேர்வதில்லை, கேட்பவரின் விருப்பமே பயிற்சி பெற்று, தரப்படவிருப்பதை ஏற்கும் அளவுக்கு விரிகிறது என்பதாகும். 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ், ஜெபம் கடவுளின் ஏற்பாட்டை மாற்றுவதில்லை, ஜெபத்தின் வழியாகவே நடக்க வேண்டும் என்று அவர் ஏற்படுத்தியவற்றை அடைகிறது என்று இதற்கு ஒரு தருக்க வடிவம் கொடுத்தார். இவ்விளக்கங்கள் அறிவுக்குப் போதுமானவை. ஆனால் அரசுக் குடியிருப்பில் வாழும் ஒருவரின் வேண்டுதல்கள் எத்தகையவை என்று எண்ணிப் பார்த்தால் வேறொரு முள் தெரியவரும். வீட்டு ஒதுக்கீட்டு வரிசையில் பெயர் முன்னே வரவேண்டும், இடமாற்ற உத்தரவு வராதிருக்க வேண்டும், பிள்ளை போட்டித் தேர்வில் தேறவேண்டும் என்ற மூன்றிலும் ஒருவர் பெறுவது வேறொருவர் இழப்பதாக இருக்கிறது. இடமாற்றத்துக்குத் தப்பியவரின் இடத்தில் வேறு யாரோ ஒருவர் பெட்டி கட்டுகிறார், அவர் வீட்டிலும் அதே இரவில் அதே ஜெபம் ஏறெடுக்கப்பட்டிருக்கலாம்.

இதைக் கண்டு, இத்தகைய லௌகிக வேண்டுதல்களையே விட்டுவிட்டு நன்றியும் துதியும் மட்டும் செலுத்துவதே உயர்ந்தது என்று கூறுவோர் உண்டு. அன்றாட உணவைக் கேட்கக் கற்பித்தவரின் வழியை ஒட்டியதன்று அந்த உயர்வு. மேலும் மனம் உண்மையில் கேட்டுக்கொண்டிருப்பதை வாய் மறைப்பது ஜெபத்தில் ஒரு பாசாங்கைப் புகுத்திவிடுகிறது. கேட்க வேண்டியதுதான், ஆனால் பன்மையில் கேட்க வேண்டும். தம் பிள்ளைக்கு அந்த இடத்தைக் கேட்கும் தாய், அதே மூச்சில் அந்த இடத்துக்காகவே எழுதும் பிற பிள்ளைகளையும் எங்கள் என்ற சொல்லுக்குள் கொண்டுவர முயலும்போது, வேண்டுதல் அவருடைய வாயிலேயே மெல்லத் திருந்தத் தொடங்குகிறது. சில வேண்டுதல்கள் அந்தப் பன்மையைத் தாங்கி நிற்கும். சில தாங்காமல் உதிர்ந்துபோகும். எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது என்று வெளியிலிருந்து யாரும் பட்டியல் போட வேண்டிய தேவை அதற்குப் பிறகு பெரும்பாலும் இருப்பதில்லை.

சொற்களே அற்ற ஜெபத்தைப் பற்றித் தமிழ் மண்ணில் இரு வேறு வழிகள் வகுக்கப்பட்டன. சைவத்திலிருந்து கிறிஸ்தவரான பாளையங்கோட்டை வழக்கறிஞர் அ. சு. அப்பாசாமி பிள்ளை, யோகப் பயிற்சியைக் கிறிஸ்தவ ஜெபத்தோடு இணைத்துப் பார்த்தவர். பின்னாளில் தென்னிந்தியத் திருச்சபையின் கோயம்புத்தூர்ப் பேராயரான அவர் மகன் அ. ஜே. அப்பாசாமி, கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாக விளக்கும் நூலை 1920களில் எழுதினார். யோவான் நற்செய்தி பேசும் நிலைத்திருத்தலை, இரு ஆட்கள் அன்பாலும் விருப்பத்தாலும் ஒன்றாவதாகவே அவர் கொண்டார். உயிரும் கடவுளும் ஒரே பொருள் என்னும் அத்வைதத்தை விடுத்து, உயிருக்கு உள்ளிருந்து இயக்கும் இறைவனைச் சொல்லும் இராமாநுசரின் சிந்தனையை நாடினார். பிரான்சிலிருந்து 1948இல் வந்து, ஜூல் மோன்சானினோடு சேர்ந்து 1950இல் குளித்தலை அருகே சாந்திவனம் ஆசிரமத்தை நிறுவிய ஹென்றி லெ சோ, அதாவது அபிஷிக்தானந்தர், அண்ணாமலையில் ரமணரைக் கண்ட பின்னர் அந்த அத்வைதத்தின் பக்கமே ஈர்க்கப்பட்டார். ஜெபத்தைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய சிறுநூலை 1967இல் டெல்லியிலுள்ள ஐ.எஸ்.பி.சி.கே. பதிப்பகம் வெளியிட்டது. கடவுளின் முன்னிலையில் இருத்தலே ஜெபம், அதற்கென்று தனி நேரம் ஒதுக்குவது அந்த இருத்தலை நினைவூட்டிக்கொள்வதற்கே என்ற அதன் போக்கு, வேலை நெருக்கடியில் வாழ்பவருக்குப் பெரிய விடுதலையாகவே தோன்றும். ஆனால் மௌனத்தை முழுமையாக எடுத்துக்கொண்டால் அதில் மன்றாடுவதற்கு யாரும் எஞ்சுவதில்லை, மன்றாடப்படுவதற்கும் யாரும் எஞ்சுவதில்லை. வத்திக்கான் 1989 அக்டோபரில் ஆயர்களுக்கு எழுதிய தியானம் பற்றிய மடல், கீழை நாட்டு முறைகளைத் தள்ளிவிடாமலே, உத்தியால் எட்டும் அமைதியை இறையனுபவமென்று மயங்குவதை எச்சரித்தது. அம்மடலின் குரல் சற்றுக் கறாரானது. ஆயினும் நோயுற்ற அயலானுக்காகக் கடவுளிடம் வாதாடும் ஜெபத்துக்கு இடமுள்ள வழி என்ற அளவில், பேராயர் அப்பாசாமியின் பாதையே நற்செய்திக்கு நெருக்கமானது.

டெல்லித் தமிழ்க் கிறிஸ்தவரிடம் இப்போது முன்னிற்பது மொழி. மூன்றாம் தலைமுறைப் பிள்ளைகளில் பலர் கர்த்தரின் ஜெபத்தைத் தமிழில் ஒலியாகக் கற்றிருக்கிறார்கள். பயத்தையும் ஆசையையும் அவர்கள் நினைப்பது இந்தியிலோ ஆங்கிலத்திலோதான். இதைப் பெற்றோர் இழப்பாகக் கருதி, ஜெபிக்கும்போதாவது தமிழில் பேசு என்று வற்புறுத்துவது உண்டு. ஆனால் முத்துக்குளித்துறைச் சிறுவருக்கு நெட்டுருவாகத் தரப்பட்ட தமிழைத் தந்தவரே சரியாக அறிந்திருக்கவில்லை. அச்சிறுவர் அதைத் தம் தெருக்களுக்குக் கொண்டுபோய்த் தமதாக்கிக்கொண்டார்கள். பாட்டியிடமிருந்து வந்த தமிழ்ச் செய்யுளும் பேத்தியின் இந்தி மன்றாட்டும் ஒரே ஜெபத்தில் அடுத்தடுத்து வருவதைத் திருத்த வேண்டிய காரணம் எதுவும் இல்லை.