மண்ணில் மறைத்த நஞ்சு

 

கிணற்றில் எலி விழுந்து செத்தால் என்ன செய்வது என்ற மஸ்அலாவை நாம் மதரஸாவில் ஓதியிருக்கிறோம். ஹனஃபி மத்ஹபின்படி, ஊதிப் போகாத எலியென்றால் 20 முதல் 30 வாளி. பூனையென்றால் 40 முதல் 60 வாளி. ஆடு விழுந்து இறந்தால் முழு நீரையும் இறைக்க வேண்டும். (ஷாஃபியீ மத்ஹபில் கணக்கு வேறு.) பிள்ளைகள் இந்த எண்ணிக்கையை மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். எண்ணிக்கைக்கு முன்னால் வரும் நிபந்தனையைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். செத்ததை முதலில் வெளியே எடுக்க வேண்டும். அது உள்ளே கிடக்க, எத்தனை வாளி இறைத்தாலும் கணக்கில் சேராது.

இந்தச் சட்டத்தை மனதில் வைத்துப் போபாலைப் பார்ப்போம். பேகம்கள் அரசாண்ட ஊர். தாஜுல் மஸாஜித் நிற்கும் ஊர். அங்கே 1969 முதல் யூனியன் கார்பைடு கம்பெனியின் பூச்சி மருந்துத் தொழிற்சாலை நடந்தது. 1984 டிசம்பர் 2-ம் தேதி நள்ளிரவில் கசிந்த விஷவாயுவை உலகமே அறியும். அதற்கு முன்பிருந்தே மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்த நஞ்சை அறிந்தவர்கள் குறைவு. 'செவின்' என்ற மருந்து தயாரித்த கழிவை வளாகத்துக் குழிகளில் கொட்டி மூடினார்கள். 1977-ல் வெளியே குளங்கள் அமைத்து, கழிநீரை வெயிலில் வற்ற விட்டார்கள். மழையில் நஞ்சு கரைந்து, சுற்றுப்புற மக்களின் அடிபம்பு நீரில் கலந்தது. அவர்களில் பலர் வாயுவையும் சுவாசித்தவர்கள்.

நிறம், சுவை, வாடை மாறியிருக்கிறதா என்று பார்த்து நீரை மதிப்பது நம் பழக்கம். இந்த நஞ்சோ சிறிதளவாக இருக்கும்போது நாவுக்கும் மூக்குக்கும் அகப்படாது. ஆகவே ஒளுச் செய்யலாமா என்று கேட்குமுன், பிள்ளைக்குக் குடிக்கக் கொடுக்கலாமா என்றே கேட்க வேண்டியிருக்கிறது. உயிருக்குக் கேடானதை உட்கொள்ள மார்க்கம் அனுமதிக்கவில்லை.

சுத்தமான குடிநீர் வழங்கும்படி 2004-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பின்னர், கிடங்கில் சேர்த்து வைத்திருந்த 337 டன் கழிவு 2025 ஜனவரியில் 12 லாரிகளில் பீதம்பூருக்குக் கொண்டுபோகப்பட்டு, ஜூன் இறுதிக்குள் எரிக்கப்பட்டது. நல்லதுதான். ஆனால் கெட்டுப்போன மண் மட்டும் சுமார் 11 லட்சம் டன் இருக்கும் என்று 2010-ல் ஆய்வு நிறுவனங்கள் மதிப்பிட்டிருந்தன. கரையில் சிந்திய ரோமத்தைப் பொறுக்கிவிட்டோம். ஆடு கிணற்றுக்குள்தான் கிடக்கிறது!

மக்கள் நீர் எடுக்கும் துறையில் அசுத்தம் செய்வதைச் சாபத்துக்குரிய செயல்களில் ஒன்றாக நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். மலஜலத்துக்கே இந்த எச்சரிக்கை என்றால், தலைமுறை கடந்தும் தங்கும் நஞ்சுக்கு? இது அடியார்களின் உரிமை சம்பந்தப்பட்ட குற்றம். கெடுத்ததைச் சரி செய்யாமல், பாதிக்கப்பட்டோரின் மன்னிப்பைப் பெறாமல், தௌபா நிறைவேறாது என்பது உலமாக்களின் தீர்ப்பு. மண் போட்டு மூடியது தௌபாவில் சேருமா?

நம் வீடுகளிலும் மிச்சமான பூச்சி மருந்தைக் கொல்லையில் குழி தோண்டிப் புதைப்பவர்கள் உண்டு. வேண்டாம். காலியான டப்பாவை மும்முறை அலசி, அலசிய நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றிப் பயிருக்கு அடித்துவிடுங்கள், கிணற்றடியில் கொட்டாதீர்கள். பழைய மருந்து இருந்தால் மூடியை இறுக்கி, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வைத்து, வேளாண்மை அலுவலரிடம் கேட்டு ஒப்படையுங்கள்.