ஒழுகுற கூரையும் ஒரு எக்செல் கணக்கும்



சொந்தங்களே, இன்னைக்கு விரத முறையோ பாடல் விளக்கமோ இல்லை. ஒரு வீட்டுக் கூரையைப் பத்தின விஷயம். "இதுக்கும் முருகனுக்கும் என்னடா சம்பந்தம்"னு உடனே கேட்டுடாதீங்க, நடுவுல வரும்.

எங்க அம்மாயி (அம்மாவோட அம்மா) வீடு நீலகிரியில், கேத்திக்கும் குன்னூருக்கும் நடுவே ஒரு சரிவில் இருக்கிறது. அப்புச்சி 1961-ல் கட்டியது. ரெண்டு அறை, ஒரு சமையல்கட்டு, முன்னாடி கண்ணாடி போட்ட சின்ன வராண்டா. கல்லும் மண்சாந்தும் வைத்த சுவர். மேலே மங்களூர் ஓடு. 1865-ல் பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் தொழிற்சாலை வைத்துச் செய்ய ஆரம்பித்த ஓடு அது. அப்புறம் தென்னிந்தியா முழுக்கப் பரவிவிட்டது. மலையில் பழைய பங்களா, பழைய பள்ளிக்கூடம் எதைப் பார்த்தாலும் தலையில் அதுதான் இருக்கும். சரிவாக நிற்பதால் தண்ணீர் தங்காது. ஒன்று உடைந்தால் அந்த ஒன்றை மட்டும் கழற்றி மாற்றிக்கொள்ளலாம்.

ஆனால் ஓட்டைத் தாங்குவது மரம். அறுபது வருஷ மழைக்கும் பனிமூட்டத்துக்கும் மரம் என்ன பண்ணும், பாவம்? கைமரத்தில் மூணு உளுத்துப்போச்சு. ரீப்பரைத் தொட்டால் பொடியாக உதிர்ந்தது. மேலே குரங்குக் கூட்டம் வேற தினமும் ஓட்டப்பந்தயம் நடத்தும்.

மலை மழையைப் பத்தித் தெரியாதவங்களுக்கு ஒரு விஷயம் சொல்றேன். ஊட்டி, கூடலூர் பக்கம் ஆடி மழைதான் பெரிசு. எங்க பக்கம், அதாவது குன்னூர், கோத்தகிரி பக்கம், ஐப்பசி கார்த்திகைதான் ஆட்டம். 2009 நவம்பர் 10-ம் தேதி கேத்தியில் பதிவான மழை ஒரே நாளில் 82 சென்டிமீட்டர். சென்னைக்கு வருஷம் முழுக்கச் சேர்த்தே சராசரியாக 140 சென்டிமீட்டர்தான். அந்த மழையில் மலை முழுக்க மண் சரிந்து நாற்பது பேருக்கு மேல் போய்ட்டாங்க. அன்னைக்கு ராத்திரி அம்மாயி தூங்கவே இல்லை. வீடு நின்றது. அதுக்கப்புறம் ஐப்பசி பிறந்தாலே அவங்க காது கூரையிலேயே இருக்கும்.

கூரை மோசமாகி ஒழுக ஆரம்பித்ததும் வாட்ஸ்அப்பில் "கேத்தி வீடு"ன்னு ஒரு குரூப் போட்டோம். கோயம்புத்தூர்ல இருக்கிற பெரிய மாமா, "எல்லாத்தையும் பிரிச்சுட்டு கான்கிரீட் போட்டுடலாம், ஒரே செலவு, அப்புறம் ஒரு ரூமை டூரிஸ்ட்டுக்கு விட்டுக்கலாம்" என்றார். பெங்களூர்ல இருக்கிற சின்ன மாமா, "இப்போதைக்குத் தகர ஷீட்டைப் போட்டு மூடுங்க, அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார். அந்த "அப்புறம்" என்னன்னு எல்லாருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறந்து சொல்லலை. எங்க அம்மாவுக்கு, அவங்க அப்பா கட்டின மாதிரியே ஓட்டுக்கூரையாத்தான் இருக்கணும். அம்மாயி அந்த குரூப்பில் இல்லை. அவங்ககிட்ட இருக்கறது பட்டன் போன்.

ரெண்டு ஐப்பசி அப்படியே போச்சு. நாங்க யோசிச்சுக்கிட்டு இருந்தோம். அவங்க ராத்திரி எழுந்து பாத்திரம் மாத்தி வெச்சுக்கிட்டு இருந்தாங்க.

நான் படித்தது சிவில். அதனால், "நீ ஒரு கணக்குப் போட்டுக் குடுடா" என்று என் தலையில் கட்டினார்கள். பெருமையாகத்தான் உட்கார்ந்தேன். கான்கிரீட் யோசனை முதலிலேயே அடிபட்டுவிட்டது. ஓடு சதுர அடிக்கு நாலு கிலோ அளவில்தான் வரும். நாலு இஞ்ச் கான்கிரீட் அதே சதுர அடிக்கு 22 கிலோவுக்கு மேல். மண்சாந்துச் சுவர் தலையில் அதை ஏற்றுவது தற்கொலை. சுவரையும் இடித்துக் கட்டலாம் என்றால் அது புது வீடு. மலையில் 1993-ல் வந்த கட்டட விதிகள் உயரம் 7 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று வைத்திருந்தன, பர்மிஷன் வாங்குவதற்குள் இன்னும் ரெண்டு ஐப்பசி போய்விடும். அதோடு தட்டையான கான்கிரீட் மாடி மலைக்கு ஒத்தும் வராது. குன்னூரில் சுற்றிப் பாருங்க, கான்கிரீட் போட்ட வீட்டுக்காரங்களே ஒழுகுதுன்னு அதுக்கு மேல சரிவா ஒரு ஷீட் போட்டிருப்பாங்க. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் வேண்டவே வேண்டாம் என்றேன். வெட்டும்போதும் உடையும்போதும் பறக்கிற நார்த்தூசி நுரையீரலுக்கு ஆகாது, 60-க்கும் மேற்பட்ட நாடுகளில் அதற்குத் தடை.

மிஞ்சியது ரெண்டு. மேலே தகர ஷீட் அடித்து மூடுவது. இல்லை என்றால் மரத்தை மாற்றி, உள்ளே ஒரு ஷீட் கொடுத்து, ஓட்டையே திரும்ப அடுக்குவது. முதலாவது மலிவு, ஆனால் மழை பெய்தால் உள்ளே பேச முடியாது, மார்கழியில் ஃப்ரிட்ஜுக்குள் படுத்த மாதிரி இருக்கும். ரெண்டாவதற்கு மூணு மடங்கு செலவு, ஆனால் ஒரு தலைமுறை நிற்கும். எக்செல்லில் பளிச்சென்று தெரிந்தது. இருபது வருஷம் என்று போட்டால் ஓடு லாபம். அஞ்சு வருஷம் என்று போட்டால் ஷீட் லாபம்.

நான் அஞ்சு போட்டேன்.

ஏன் அஞ்சு? அம்மாயிக்கு அப்போ 81 வயசு. யாரும் என்கிட்ட அப்படிப் போடச் சொல்லலை. நானாகத்தான் போட்டேன்.

ஜனவரியில் எல்லாரும் கேத்தி போனோம். வராண்டாவில் லேப்டாப்பைத் திறந்து மாமாக்களுக்குக் காட்டிக்கொண்டு இருந்தேன். தலைப்பெல்லாம் தமிழில் அடித்திருந்தேன், "பயன்படும் காலம்: 5". அம்மாயி டீ கொண்டு வந்தவங்க நின்று பார்த்தாங்க.

"அந்த அஞ்சு எது கண்ணு?"

"அது... சும்மா ஒரு கணக்கு அம்மாயி."

"எனக்கு வெச்சதா?"

யாரும் பேசலை. அவங்களுக்குக் கோபம் எல்லாம் இல்லை. "சரி, டீ ஆறுது, குடிங்க"ன்னு சொல்லிட்டு உள்ளே போய்ட்டாங்க.

இங்கேதான் என்னோட கேள்வி. பழசைப் பழுது பார்க்கிறதா, புதுசா மாத்தறதா என்பது பணக் கணக்கு மாதிரி தெரியும். கப்பலோட பலகையை ஒவ்வொன்னா மாத்தினா கடைசியில் இருப்பது அதே கப்பலான்னு கிரேக்கக் கதை ஒண்ணு உண்டே, தீசியஸ் கப்பல், ரீல்ஸ்ல எல்லாம் ஓடுது. நல்ல புதிர்தான். ஆனா ஒழுகற வீட்டுக்குள்ள இருக்கறவங்களுக்கு அந்தக் கேள்வி வராது. எங்க கணக்கில் மரவிலை சரி, ஓட்டு விலை சரி, கூலி சரி. ஒரே ஒரு எண்ணில்தான் எல்லாம் தலைகீழாக மாறியது. அது ஒருத்தருக்கு நாங்கள் ஒதுக்கி வைத்த மிச்ச ஆயுள். அதைப் போட எனக்கு யார் உரிமை கொடுத்தது?

கணக்கே போடக் கூடாதுன்னு நான் சொல்ல வரலை. காசு இல்லாத வீட்டில் கணக்குப் போட்டுத்தான் ஆகணும். அம்மாயியே "எனக்கு ஷீட் போதும் சாமி, காசைக் கொழந்தைங்க படிப்புக்கு வைங்க"ன்னு சொல்லியிருந்தா அது வேற. அவங்க ஆயுளுக்கு அவங்க எண் வைக்கலாம். அவங்க முதுகுக்குப் பின்னாடி நான் வைக்கிறதுதான் இடிக்குது.

முருகன் நடுவுல வருவான்னு சொன்னேன் இல்லையா. திருச்செந்தூர் போனவங்களுக்குத் தெரியும், கடலுக்கு எவ்வளவு பக்கம்னு. முன்னாடி அந்தக் கோயில் மணற்கல்லில் இருந்தது. உப்புக்காத்து அரிச்சு அரிச்சு கல்லே உதிர ஆரம்பித்துவிட்டது. மௌன சுவாமி, காசி சுவாமி, ஆறுமுக சுவாமி என்று துறவிகள் ஒருத்தருக்கு அப்புறம் ஒருத்தராக அந்த வேலையைக் கையில் எடுத்தார்கள். 19-ம் நூற்றாண்டில் தொடங்கி, அரிச்ச கல் போய் கருங்கல் வந்து, கும்பாபிஷேகம் நடந்தது 1941-ல். முதலில் தொடங்கிய மௌன சுவாமி அதைப் பார்க்க இல்லை. இத்தனைக்கும் கையில் காசு வைத்துக்கொண்டு தொடங்கிய வேலை இல்லை அது, பக்தர்களிடம் திரட்டித்தான் செய்தார்கள். தன் ஆயுளுக்குள் முடியுமா என்று அவர் ஒரு கட்டம் போட்டிருந்தால் முதல் கல்லே நகர்ந்திருக்காது. நான் என்னடான்னா இன்னொருத்தர் ஆயுளுக்குக் கட்டம் போட்டுட்டேன்.

இன்னொண்ணு, பாலாலயம். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை திருப்பணின்னு சொல்வோம். அப்போ வேலை ஆரம்பிக்கும் முன்னாடி என்ன செய்வாங்க? சாமியோட சக்தியைக் கும்பத்தில் இறக்கி, வேற ஒரு சின்ன இடத்தில் படத்திலோ மரத்திலோ எழுந்தருளச் செய்து, பூஜை ஒரு நாளும் நிற்காமல் அங்கே நடக்கும். அப்புறம்தான் உளி சத்தம். நான் இதைச் சின்ன வயசிலிருந்து பார்த்திருக்கேன், ஒரு சடங்காத்தான் தெரிஞ்சுது. இப்போதான் வரிசை உறைச்சுது. கல்லை மாத்தறதா பூசறதான்னு ஸ்தபதி முடிவு பண்றதுக்கு முன்னாடியே, உள்ளே இருக்கறவர் எங்கே நனையாம இருப்பார்ங்கறது முடிஞ்சாகணும். நாங்க ரெண்டு வருஷம் அதைத் தலைகீழா செஞ்சிருக்கோம்.

மலையிலேயே இதுக்கு ஒரு பாடம் இருக்கு. ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தநாடு மந்தில் தோடர்களோட கூம்புக் கோயில் இருக்கு, மூங்கில், பிரம்பு, புல் வைத்துக் கட்டியது. புல் நிரந்தரம் இல்லைன்னு தெரிஞ்சுதான் வேய்றாங்க. சில வருஷம் போனா மக்கள் ஒண்ணு கூடித் திரும்ப வேய்வாங்க. அதுக்கு வேண்டிய ஒரு புல் மலைச் சதுப்பில்தான் வளரும். சீகை மரமும் தைலமரமும் நட்டு அந்தச் சதுப்பெல்லாம் சுருங்கிப்போனதால், இப்போ புல்லுக்கே ரொம்ப தூரம் அலைய வேண்டியிருக்கு. அங்கே யாரும் "இது எத்தனை வருஷம் வரும், லாபமா"ன்னு கேட்கிற மாதிரி தெரியலை. புல் கிடைக்குமாங்கறதுதான் அவங்க கவலை.

எங்க வீட்டுக்குக் கீழே எஸ்டேட் லைன் வீடுகள் இருக்கு. 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்தவங்க பேரன் பேத்திகள் அதில் நிறைய பேர். தொழிலாளிக்கு வீடு கொடுத்துப் பராமரிப்பதை 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம் தோட்ட நிர்வாகத்தோட பொறுப்பாக வைத்திருந்தது. ஆனால் வீடு வேலையோடு கட்டினது. கூரைக்கு அடியில் இருக்கறவங்களோட "பயன்படும் காலம்" ரிட்டயர்மென்ட் தேதியில் முடியுது. ஒழுகற லைன் வீட்டுக்கு எத்தனை ஷீட் என்பதை இன்னொருத்தர் எக்செல்லில் முடிவு பண்றார். எங்க வீட்டில் அதைச் செஞ்சது சொந்தப் பேரன். அதனால் அவரை மட்டும் திட்ட எனக்கு வாய் வரலை.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமா சொல்லிடறேன். முதல்ல வராண்டா பக்கத்து அறைக்கு மட்டும் தார்ப்பாய் கட்டி, உள்ளே காய வைத்து, அம்மாயி கட்டிலையும் சாமி படங்களையும் அங்கே மாற்றினோம். அதுக்கு ஆனது ஒரே நாள். ரெண்டு வருஷமா அந்த ஒரு நாள் எங்களுக்குக் கிடைக்கலை பாருங்க. அதுக்கப்புறம் அவங்களைக் கேட்டோம். ஓடுதான்னாங்க. காரணம் அப்புச்சி ஞாபகம்னு நினைச்சோம். இல்லை, தகரத்தில் மழை சத்தம் கேட்டா 2009 ராத்திரி ஞாபகம் வருமாம்.

மாசி மாசம் காய்ந்த வெயிலில் ஆசாரி வந்து கைமரம் மூணும் ரீப்பர் முழுசும் மாற்றினார். ஓட்டை ஒவ்வொன்றாக இறக்கி, பாசியைத் தேய்த்து, தட்டிப் பார்த்து, சத்தம் சரியாக வந்ததை மட்டும் ஏற்றினார். பாதிக்கு மேல் பழைய ஓடே. செலவு என் எக்செல்லைத் தாண்டிப் போச்சு. சின்ன மாமா பங்கு இன்னும் வரலை, குரூப்பில் அந்தப் பேச்சு எடுத்தா எல்லாரும் குட்மார்னிங் படம் போட ஆரம்பிச்சுடறாங்க.

வேலை முடிந்து கிளம்பும்போது, மிச்சமான நல்ல ஓடு நாற்பது இருக்கும், ஆசாரி வண்டியில் ஏற்றப் பார்த்தார். அம்மாயி விடலை. ஒவ்வொண்ணா வாங்கி, சமையல்கட்டுக்குப் பின்னாடி சுவர் ஓரமாக நிமிர்த்தி அடுக்க வெச்சாங்க.

"இருக்கட்டும் கண்ணு. அடுத்த தடவைக்கு ஆகும்."