சோடாவுக்குத்தான் எழுதினேன்

சென்னையில் ஒரு விளம்பர நிறுவனத்தில் நான்கு வருஷம் வாசகம் எழுதுகிற வேலை பார்த்தேன். ஒரு மார்கழி மாசம் சோடா ஒன்றுக்கு விளம்பரம் கேட்டு வந்தார்கள். பொங்கலுக்கு ஊர் திரும்பும் நண்பர்கள், வைக்கோல்போர், மாட்டுக் கொம்புக்கு வர்ணம், நடுவில் சோடா. அதே பெயரில் ஒரு விஸ்கி இருப்பது அந்த அறையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். மூன்று மணி நேரக் கூட்டத்தில் ஒருத்தர்கூட அந்தச் சொல்லை உச்சரிக்கவில்லை. ‘பிராண்டு’ என்றோம், ‘அந்த மூடு’ என்றோம்.

நான் எழுதிக் கொடுத்த வரி இது: “மச்சான் கூப்பிட்டா மறுக்க முடியுமா?”

படத்தில் புதுமாப்பிள்ளை ஒருவன் மாமியார் வீட்டுப் பந்தியிலிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து ஓடுவான். மாமியார் சுக்குக் கஷாயத்தோடு பின்னாலேயே வருவார். அவன் கொல்லைப்புற வேலியைத் தாண்டி நண்பர்களிடம் போய்ச் சேருவான். சோடா பொங்கும், வரி வரும். முதல் தடவை பார்த்தபோது நானே வாய்விட்டுச் சிரித்தேன்.

மன்னார்குடியில் என் பெரியப்பா மகன் இருக்கிறார். எனக்கு அண்ணன் முறை. அந்த வருஷம் அவர் குடியை நிறுத்தி எட்டு மாசம் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் நடந்ததையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அண்ணியின் வளையல்கள் அடகிலிருந்து திரும்பி வந்திருந்தன என்பது போதும். ஒரு கல்யாணத்தில், மண்டபத்துக்குப் பின்னால், யாருடைய காரோ டிக்கி திறந்து நின்றிருக்கிறது. அண்ணன் வேண்டாம் என்றிருக்கிறார். அப்போது ஒருத்தர் என் வரியை விளம்பரத்தில் வரும் அதே ராகத்தில் எடுத்துவிட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார்.

ரெண்டு வாரம் கழித்து ஊருக்குப் போனபோது அண்ணி கேட்டார்.

“தம்பி, அந்த வரி நீங்க எழுதினதுதானே?”

“சோடாவுக்குத்தான் எழுதினேன் அண்ணி.”

“அவரு சோடா குடிச்சிருந்தா நான் ஏன் கேக்கப்போறேன்?”

பதில் இல்லாமல் நின்றேன். இந்தக் கட்டுரை அந்தப் பதிலைத் தேடித்தான்.

சட்டப்படி என் மேல் ஒரு குற்றமும் இல்லை. 1994ஆம் ஆண்டு கேபிள் தொலைக்காட்சி விதிகளில் ஏழாவது விதி மதுவை நேரடியாகவோ மறைமுகமாகவோ விளம்பரப்படுத்துவதைத் தடுக்கிறது. அதனால்தான் நம் தொலைக்காட்சியில் சாராயக் கம்பெனிகள் சோடா விற்கின்றன, குடிதண்ணீர் விற்கின்றன, பாட்டு சிடி விற்கின்றன. இம்பீரியல் ப்ளூ விஸ்கியின் பெயரில் வந்த பாட்டு சிடியை யாராவது கடையில் வாங்கியிருக்கிறீர்களா? விளம்பரத்தை மட்டும் எல்லாரும் பார்த்திருப்போம். லிஃப்டில் ரெண்டு ஆண்கள். அழகான ஒரு பெண் ஏறுகிறாள். ரெண்டு பேரும் தொப்பையை உள்ளே இழுத்து மூச்சைப் பிடிக்கிறார்கள். அவள் இறங்கியதும் ரெண்டு தொப்பையும் வெளியே வருகின்றன. பின்னணியில் ஒரு கஜலின் மெட்டு. கடைசியில் ‘மென் வில் பி மென்’. பாட்டில் இல்லை, கிளாஸ் இல்லை, மது என்ற பேச்சே இல்லை.

அப்படியானால் அந்த விளம்பரத்தில் ‘விஸ்கி’ என்று சொன்னது யார்? நாம்தான். நம் மண்டைக்குள் நாமே சொல்லிக்கொண்டோம். பேசுகிறவர் வாதத்தின் ஒரு பகுதியைச் சொல்லாமல் விட்டால், தெரிந்த விஷயமாக இருக்கும்பட்சத்தில் கேட்பவரே அதை நிரப்பிக்கொள்வார் என்று அரிஸ்டாட்டில் தன் பேச்சுக்கலை நூலில் எழுதியிருக்கிறார். நகைச்சுவையும் அப்படித்தான் இயங்குகிறது. விடுபட்டதைச் சட்டென்று நிரப்புகிற சந்தோஷம்தான் சிரிப்பு. நிரப்பியது நாம் என்பதால் அதை நாம் சந்தேகிப்பதில்லை. யாராவது நம்மிடம் வாதாடினால் எதிர்வாதம் தோன்றும். சொந்தக் குரலோடு யார் சண்டைக்குப் போவார்கள்?

பொய்யை மறுக்கலாம். ‘இது குடித்தால் பலம் வரும்’ என்று ஒருத்தன் சொன்னால் ஆதாரம் கேட்கலாம். ஜோக்கை மறுக்க வழியில்லை. மறுத்தால் “காமெடிக்குத்தான்பா சொன்னோம், ஏன் சீரியஸாகுற?” என்று வரும். அந்த நொடியில் குற்றவாளி நீங்கள். ‘மென் வில் பி மென்’ என்பதைத் தமிழில் சொன்னால், ஆம்பளைன்னா அப்படித்தான். இதை எப்படி மறுப்பது? அ என்பது அ என்று சொல்கிற மாதிரி வாக்கியம் அது. ஒருத்தன் எடுத்த முடிவை அவன் பிறவிக் குணம் மாதிரிக் காட்டிவிடுகிறது. பிறவிக் குணத்துக்கு யாரும் பொறுப்பில்லையே.

சிரிப்பு செய்யும் இந்த வேலையின் மறுபாதியை மரபு செய்கிறது. அமெரிக்காவில் ‘சின்கோ தே மாயோ’ என்று மே 5 அன்று ஒரு கொண்டாட்டம். 1862இல் மெக்சிகோவின் பியூப்லாவில் பிரெஞ்சுப் படையை மெக்சிகோ படை தோற்கடித்த நாள். கலிபோர்னியாவில் குடியேறியிருந்த மெக்சிகோ மக்கள் அதைத் தங்கள் சுயமரியாதையின் நாளாகக் கொண்டாடி வந்தார்கள். 1980களில் பீர் கம்பெனிகள் பெரும் பணத்தோடு அதற்குள் நுழைந்தன. இன்றைக்கு அங்கே பலருக்கு அது எந்தப் போர் என்றே தெரியாது, பீர் குடிக்கும் நாள் என்று தெரியும். நம் பக்கம் இதே வேலையை நட்பை வைத்துச் செய்தார்கள். மெக்டவல்ஸ் ‘யாரி’ என்ற சொல்லையே தன் அடையாளமாக்கிக்கொண்டது. அந்தப் பெயரில் தெலுங்கில் ராணா நடத்திய பேட்டி நிகழ்ச்சியும் வந்தது. நான் பொங்கலை எடுத்துக்கொண்டேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

“குடி நம்ம மரபுதானே, சங்கப் பாட்டிலேயே கள் இருக்கே” என்று இலக்கியம் படித்த நண்பர்கள் சொல்வார்கள். இருக்கிறது. அதியமான் இறந்தபோது ஔவை பாடிய புறநானூற்றுப் பாடலில் முதல் நினைவே கள்தான். கொஞ்சமாகக் கிடைத்தால் அதை எங்களுக்கே கொடுத்துவிடுவானே என்று அழுகிறாள். அங்கே கள்ளுக்குப் பின்னால் ஒரு மனிதன் இருக்கிறான், அவன் கொடை இருக்கிறது, அவனுடைய சாவும் இருக்கிறது. விளம்பரம் காட்டும் மரபில் யாரும் சாவதில்லை. அங்கே மறுநாள் காலையே விடிவதில்லை. குடிக்காத நேரத்தில் இன்னொரு குடிகாரனைப் பார்க்கிறவன் தன் நிலையும் இதுதான் என்று நினைத்துப் பார்க்க மாட்டானா என்று வள்ளுவர் கள்ளுண்ணாமையின் கடைசிக் குறளில் கேட்கிறார். எந்த மது விளம்பரத்திலாவது வாய் குழறி விழுந்து கிடக்கும் ஒருவனைப் பார்த்திருக்கிறீர்களா? வள்ளுவர் பார்க்கச் சொன்ன அந்தக் காட்சியைத்தான் விளம்பரம் கவனமாக மறைக்கிறது.

என்னோடு வேலை பார்த்த நண்பன் ஒருத்தனிடம் இதையெல்லாம் சொன்னேன். அவன் நியாயமான கேள்வி ஒன்று கேட்டான். “டாஸ்மாக் விளம்பரமே கொடுக்கறதில்ல. 2003லேர்ந்து கவர்மென்ட்டே கடை நடத்துது, பாட்டில்லயே ‘கேடு’ன்னு எழுதி விக்குது. கூட்டம் குறைஞ்சுதா? உன் ஒரு வரியாலதான் உங்க அண்ணன் குடிச்சாரா?”

இல்லைதான். குடிக்கிற ஆசையை என் வரி உண்டாக்கவில்லை. அந்த அளவுக்கு என் எழுத்துக்குச் சக்தி இருந்ததாக நினைத்துக்கொள்வதும் ஒரு கர்வம்தான். வளர்ந்த மனிதர் அவர், கை நீட்டியது அவர்.

ஆனால் டாஸ்மாக்குக்கு விளம்பரம் இல்லை என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் இத்தனை கோடிக்கு விற்பனை என்று செய்தி வருகிறது. அடுத்த நிமிஷமே வடிவேலு படத்தோடு மீம் வருகிறது. நானும் ஃபார்வர்டு செய்திருக்கிறேன். பாட்டிலில் இருக்கும் எச்சரிக்கை அரசாங்கத் தமிழில் பேசுகிறது. அந்த வாசகத்தையே ராகம் போட்டுச் சொல்லிவிட்டு மூடியைத் திறக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஜோக் நம் வீட்டுத் தமிழில், மச்சான் குரலில், தோளில் கைபோட்டுப் பேசுகிறது. ரெண்டும் ஒரே மேடையில் ஏறினால் எது ஜெயிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இத்தனை நாள் யோசித்ததில் எனக்குக் கிடைத்த பதில் இதுதான். அண்ணனிடம் அன்றைக்கு இருந்தது ‘வேண்டாம்’ என்ற ஒரே ஒரு சொல். எட்டு மாசம் பாடுபட்டுச் சம்பாதித்த சொல் அது. நான் அவர் கையில் கிளாஸைக் கொடுக்கவில்லை. அந்தச் சொல்லைச் சொன்னால் சுற்றி இருப்பவர்கள் சிரிப்பார்கள் என்கிற ஏற்பாட்டைச் செய்து கொடுத்தேன். மறுக்கிறவன் நண்பன் இல்லை, ஊர்க்காரன் இல்லை, பொங்கலே தெரியாதவன் என்று ஒரே வரியில் எழுதினேன். ஒருத்தரை வற்புறுத்துவது தப்பு என்று எல்லாருக்கும் தெரியும். ஒருத்தருடைய மறுப்பைக் கேலிப்பொருளாக்குவதும் வற்புறுத்தல்தான் என்பது எனக்கு அண்ணி கேட்ட பிறகுதான் தெரிந்தது.

இதனால் குடியைப் பற்றி யாருமே ஜோக் அடிக்கக் கூடாது என்று சொல்ல வரவில்லை. குடிகாரனை விட்டுப் பிரிந்து வந்த பெண் அவனைப் பற்றிச் சொல்லும் ஜோக்கைக் கேட்டிருக்கிறேன், சிரிப்பு தாங்காது. நான் இப்போது ஒன்றை மட்டும் பார்க்கிறேன். இந்த ஜோக்கில் சிரிக்க முடியாமல் நிற்பது யார்? என் விளம்பரத்தில் அது கஷாயத்தோடு ஓடிவந்த மாமியார். ஒருத்தனுக்கு உடம்பு சரியில்லை என்று நம்பி அக்கறைப்பட்ட ஒரே ஆள். அவரைத்தான் கோமாளி ஆக்கினேன்.

இந்தப் பொங்கலுக்கு மன்னார்குடி போயிருந்தேன். மாட்டுப் பொங்கலன்று சாயங்காலம் திண்ணையில் ஏழெட்டுப் பேர். அண்ணனும் இருந்தார். விட்டும் தொட்டும் மறுபடி மூணு மாசமாகக் குடிக்காமல் இருக்கிறார். பங்காளி ஒருத்தர் வண்டிச் சாவியைச் சுழற்றிக்கொண்டே வந்து, “மச்சான் கூப்பிட்டா மறுக்க முடியுமா?” என்றார். அதை எழுதியது நான் என்று அவருக்குத் தெரியாது.

“முடியும்ணே” என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. “இவனுக்கு என்னடா ஆச்சு” என்று ஒருத்தர் முணுமுணுத்தார். நல்ல நாளும் அதுவுமாகத் திண்ணை கொஞ்ச நேரம் அசிங்கமாக அமைதியானது. அந்த அமைதியில் உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அண்ணன் அதில் தனியாகத்தான் உட்கார்ந்திருக்கிறார், எத்தனையோ தடவை.

பங்காளி வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அண்ணன் அவரோடு போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து உள்ளே திரும்பி, அண்ணியிடம் காபி கேட்டார்.