அளக்கும் பொறியும் அறியும் உயிரும்

கலெக்ட்டி என்பது ஒரு கணினியின் நிலையை இடைவிடாமல் அளந்து பதியும் டீமன். அதாவது, திரைக்குப் பின்னால் ஓசையின்றி ஓடிக்கொண்டிருக்கும் நிரல். புளோரியான் ஃபோர்ஸ்டர் 2005இல் தொடங்கிய இந்த நிரலின் நடுக்கூறு தன்னளவில் எதையும் அளப்பதில்லை. நேரத்தைக் கணக்கிட்டு, வந்து சேரும் எண்களை உரிய இடத்துக்குக் கைமாற்றுவதே அதன் வேலை. செயலியின் சுமை, நினைவகத்தின் இருப்பு, வட்டில் மிஞ்சிய இடம், வலையமைப்பு வழியே போய்வரும் தரவு ஆகிய ஒவ்வொன்றையும் காண்பதற்குத் தனித்தனிச் செருகுநிரல் வேண்டும். எந்தச் செருகுநிரல்கள் இயங்க வேண்டும் என்பதை அமைவுக் கோப்பில் ஒருவர் எழுதிவைக்க வேண்டும். எழுதப்படாதது காணப்படாது.

காண்பது கருவியா, கருவியை உடையதா, அல்லது கருவியைக் கூட்டிக் கொடுத்ததா என்பது சைவ சித்தாந்தம் நெடுங்காலமாக ஆராய்ந்த கேள்வி. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் 12 சூத்திரங்களில் அமைத்த சிவஞானபோதம் இதற்குப் பல சூத்திரங்களை ஒதுக்குகிறது. இலங்கையின் மன்னார்ப் பெருநிலத்தில் அந்த மரபுக்கு வேர் உண்டு. அங்குள்ள முருங்கன் என்னும் ஊரிலிருந்து மன்னார்ப் பக்கமாகச் சென்றால் பாலாவிக் கரையில் வரும் திருக்கேதீச்சரம், சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம். கண்காணிப்பு நிரல் ஒன்றை அமைக்கும் வேலையும் அந்தக் கேள்வியும் எவ்வளவு தூரம் ஒத்துப்போகின்றன, எங்கே பிரிகின்றன என்பதை அமைவுக் கோப்பின் வரிசையிலேயே பார்க்கலாம்.

கோப்பின் மேற்பகுதியில் பொது விதிகள் வரும். கணினியின் பெயரும், எத்தனை நொடிக்கு ஒருமுறை அளக்க வேண்டும் என்பதும் அங்கே இடம்பெறும். இடைவெளியைக் குறிப்பிடாவிட்டால் நிரல் 10 நொடியை எடுத்துக்கொள்ளும். அடுத்து, பதிவேடு எழுதும் செருகுநிரலை எல்லாவற்றுக்கும் முன்னதாக ஏற்றுவது வழக்கம். பின்னால் வருவது ஏதேனும் பிழைத்தால் அந்தப் பிழை எங்காவது பதியப்பட வேண்டும். அதன்பின் வாசிக்கும் செருகுநிரல்கள் வரும், அவற்றின்பின் எழுதும் செருகுநிரல்கள் வரும். வாசிப்பவை கணினியிடமிருந்து எண்களைப் பற்றுகின்றன. எழுதுபவை அவற்றைத் தரவுக்கோப்பிலோ வேறொரு சேவையகத்திலோ சேர்க்கின்றன. வாசிப்பவை மட்டும் இருந்தால் பற்றிய எண் நிலைக்காமல் போகும். எழுதுபவை மட்டும் இருந்தால் எழுதுவதற்கு எதுவும் வராது.

சித்தாந்தம் அறிவின் கருவிகளை இதே போல இரு வகையாகப் பிரிக்கிறது. மெய், வாய், கண், மூக்கு, செவி என்னும் பொறிகள் புறத்தே சென்று பற்றுகின்றன. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் அந்தக்கரணங்கள் பற்றியதை ஏற்று, ஆராய்ந்து, உறுதி செய்கின்றன. பொறி பற்றியும் மனம் பொருந்தாவிட்டால், கண்ணெதிரே நடந்ததும் காணாததாகவே முடியும். ஆனால் அந்தக்கரணங்களில் எதுவும் உயிர் அன்று என்கிறது நான்காம் சூத்திரம். அமைச்சர்களைக் கொண்டு அரசன் நாட்டை அறிவதுபோல உயிர் அவற்றைக் கொண்டு அறிகிறது. அமைச்சர் சொல்லாதது அரசனுக்குத் தெரியாது. எனினும் அமைச்சர் அரசன் ஆகார்.

எண் வந்தால் மட்டும் போதாது, அது எந்த வகை எண் என்பதும் தெரிய வேண்டும். முருங்கன் வயல்களுக்கு நீர் தரும் கட்டுக்கரைக்குளம் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. அருவியாற்றை மறித்த தேக்கம் அணைக்கட்டிலிருந்து வாய்க்கால் வழியே இக்குளத்துக்கு நீர் வருகிறது. குளத்தின் நீர்மட்டம் இத்தனை அடி என்பது அந்த நேரத்து நிலை. அந்த எண் தனியாகவே பொருள் தரும். துருசு வழியே போன நீரின் மொத்தம் அப்படியல்ல. அது ஏறிக்கொண்டே போகும் கணக்கு. நேற்றைய எண்ணை இன்றைய எண்ணிலிருந்து கழித்தால்தான் ஒரு நாளில் போனது எவ்வளவு என்று தெரியும். கலெக்ட்டியும் இவ்விரண்டையும் வேறு வகைகளாகவே குறித்து வைக்கிறது. நினைவகத்தின் இருப்பு முதல் வகையைச் சேர்ந்தது. வலையமைப்பு அட்டையைக் கடந்த பைட்டுகள் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. இரண்டாவதை முதலாவதாக எடுத்துக்கொண்டால், சும்மா கிடக்கும் சேவையகமும் நாளுக்கு நாள் சுமை கூடுவதாகத் தோன்றும். எண்ணில் பிழை இல்லை, பொருள் கொண்டதில்தான் பிழை. அருள்நந்தி சிவாசாரியாரின் சிவஞானசித்தியார் அளவை இயலை முன்வைக்கும்போது ஐயத்தையும் திரிபையும் காட்சியிலிருந்து விலக்குவது இதற்காகவே. பழுதையைப் பாம்பென்று கண்டவன் எதையும் காணாதவன் அல்லன். கண்டதை வேறாகக் கொண்டவன்.

திரிபைவிட ஆழமானது மறைப்பு. ஏற்றப்பட்ட ஒரு செருகுநிரல் வேலை செய்யாமற் போனால் பதிவேட்டில் அந்தச் செய்தி விழும். குறித்த நேரத்துக்குள் எண் வராவிட்டால், வழக்கமாக இரண்டு இடைவெளி கடந்ததும், அந்த மதிப்பு காணாமற் போனதாகக் கொள்ளப்படும். தரவுக்கோப்பும் அந்த இடத்தில் சுழியத்தைப் போடாமல், தெரியாது என்றே குறித்துவைக்கும். இங்கே இல்லாமை தன்னைத் தானே காட்டிக்கொள்கிறது. ஒருபோதும் ஏற்றப்படாத செருகுநிரலுக்குப் பதிவேட்டில் ஒரு வரியும் இராது. வரைபடத்தில் வெற்றிடமும் இராது. வட்டின் இடத்தை அளக்கும் செருகுநிரலில் இதை நன்றாகக் காணலாம். தனியாகச் சொல்லாவிட்டால் அது வட்டின் இடத்தை மட்டும் அளக்கும். இன்னும் எத்தனை கோப்புகளுக்குப் பதிவிடம் உண்டு என்பதை அளக்காது. சிறு கோப்புகள் பெருகிப் பதிவிடம் தீர்ந்துவிட்டால், பாதி வட்டு காலியாகக் கிடந்தும் புதிதாக ஒரு கோப்பை உருவாக்க முடியாது. வரைபடம் அப்போதும் நலம் என்றே காட்டிக்கொண்டிருக்கும். குளத்தின் அளவுகோலும் அத்தகையதே. அடியில் வண்டல் ஏறினால் அதே அடிக்கணக்கில் முன்னைவிடக் குறைந்த நீரே நிற்கும். அளவுகோல் பொய் சொல்லவில்லை; வண்டலைப் பற்றி அதனிடம் யாரும் கேட்கவில்லை.

இந்த வேறுபாட்டை 14ஆம் நூற்றாண்டில் உமாபதி சிவம் திருவருட்பயனில் உயிரின் அறிவை மறைக்கும் ஆணவ மலத்துக்கு இலக்கணம் கூறும்போது காட்டுகிறார். இருள் பொருள்களை மறைத்தாலும், இருள் இருக்கிறது என்பதையாவது காட்டுகிறது. ஆணவமோ பொருளையும் மறைக்கிறது, தன்னையும் மறைக்கிறது. பிழைத்த செருகுநிரல் இருளைப் போன்றது, ஏற்றப்படாத செருகுநிரல் ஆணவத்தைப் போன்றது. இன்னது தெரியவில்லை என்று அறிந்தவனுக்குத் தேட வழி உண்டு. தெரியாதது ஒன்று இருக்கிறது என்றே அறியாதவனுக்குத் தேடவும் தோன்றாது. ஆகவே கருவிகளைக் கூர்மையாக்குவதால் மட்டும் இந்த மறைப்பு நீங்குவதில்லை; புறத்திலிருந்து ஒருவர் காட்ட வேண்டியிருக்கிறது.

சிவஞானபோதத்தின் ஐந்தாம் சூத்திரமும் பதினோராம் சூத்திரமும் இந்த இடத்துக்கு வருகின்றன. பொறிகள் புறப்பொருளை அளந்தாலும் தம்மை அறிவதில்லை, தம்மைச் செலுத்தும் உயிரையும் அறிவதில்லை. அதே போல உயிரும் தானாக அறிவதில்லை. காந்தத்தின் முன் இரும்பு அசைவதுபோல இறைவன் முன்னிலையில் அறிகிறது. கண்ணுக்கு உயிர் காட்டுகிறது, கண்ணோடு கூடத் தானும் காண்கிறது. உயிருக்கு இறைவன் அவ்வாறே காட்டியும் கண்டும் நிற்கிறான். காட்டும் உதவி, காணும் உதவி என இதை இரண்டாக்கிச் சொல்வர். செருகுநிரல், டீமன், அமைவு எழுதும் நிர்வாகி என்னும் மூன்று படிகளும் பொறி, உயிர், இறை என்னும் மூன்று படிகளுக்கு நிகராகத் தோன்றுவது இதனால்தான்.

ஆனால் ஒப்புமை மேற்படியில் நின்றுவிடுகிறது. நிர்வாகியும் அளவுக்குட்பட்ட அறிவினரே; பதிவிடம் ஒருமுறை தீர்ந்த பிறகுதான் அதை அளக்க வேண்டும் என்று அவரும் கற்கிறார். டீமன் நின்றுவிட்டால் அதை அறிவதற்கு வேறொரு கண்காணிப்பு வேண்டும், அதற்கு இன்னொன்று வேண்டும். இந்தச் சங்கிலி முடிவதில்லை. அத்வைதம் இதைச் சாட்சி என்ற கருத்தால் நிறுத்துகிறது. அறிவுப்பொருளான ஆன்மா தானே ஒளிர்வது, அதைக் காட்ட இன்னொன்று வேண்டியதில்லை என்பது அதன் விடை. உயிர் தானே ஒளிர்வதாயின் மறைப்பு எப்படி வந்தது என்று கேட்டு, கருவியின்றி எல்லாம் அறியும் முதல்வனிடத்தில் சங்கிலியை நிறுத்துகிறது சித்தாந்தம்.

கண்காணிப்பின் பயன் என்ன என்பது அடுத்த கேள்வி. கலெக்ட்டியில் வரம்புச் செருகுநிரல் ஒன்று உண்டு. ஒரு மதிப்பு குறித்த எல்லையைத் தாண்டினால் எச்சரிக்கை, மேலும் தாண்டினால் அபாய அறிவிப்பு என்ற அளவில் அதன் வேலை முடிகிறது. சுமையைக் குறைப்பது அதன் பொறுப்பன்று. டீமன் என்ற சொல் 1963இல் எம்ஐடியின் மாக் திட்டத்தில், இயற்பியலர் மாக்ஸ்வெல்லின் பெயரால் வழங்கிய கற்பனைப் பூதத்தை நினைத்துக் கணினித் துறைக்கு வந்தது. அதன் கிரேக்க வேர் சோக்ரதீசின் அகக்குரலையும் குறித்தது. பிளேட்டோ எழுதியபடி அந்தக் குரலும் அவரைத் தடுத்ததுண்டு, ஏவியதில்லை.

அளவீடு ஒழுக்கமாக மாறுவதைக் கத்தோலிக்க மரபில் காணலாம். 1544இல் பிரான்சிஸ் சவேரியார் அனுப்பிய குருவால் மன்னாரில் திருமுழுக்கு நடந்தது. சவேரியாரின் தோழரான இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சிகள் என்னும் நூல் 1548இல் அச்சேறியது. ஒரே ஒரு குறையைத் தேர்ந்து, நாளுக்கு இரண்டு வேளை எத்தனை முறை அதில் விழுந்தோம் என்று கோட்டின்மீது புள்ளியிட்டு, நேற்றை இன்றோடும் சென்ற வாரத்தை இந்த வாரத்தோடும் ஒப்பிடும் முறையை அந்நூல் வகுக்கிறது. எதை அளப்பது, எந்த இடைவெளியில் அளப்பது, எதனோடு ஒப்பிடுவது ஆகிய மூன்றும் அதில் முன்கூட்டியே தீர்மானிக்கப்படுகின்றன. எண்ணுவது அங்கே திருந்துவதன் தொடக்கம் மட்டுமே. எண்ணிக்கைக்கு முன் அருளை வேண்டிக்கொள்ளவும் அந்நூல் சொல்கிறது.

கருவிகள் ஒவ்வொன்றாக நீங்கினால் என்ன எஞ்சும் என்பது கடைசிக் கேள்வி. நனவில் 35, கனவில் 25, உறக்கத்தில் 3, உறக்கத்தைக் கடந்த துரியத்தில் 2, அதையும் கடந்த துரியாதீதத்தில் 1 எனக் கருவிகள் குறைவதைச் சித்தாந்த நூல்கள் கணக்கிடுகின்றன. வாசிக்கும் செருகுநிரல்களை ஒவ்வொன்றாக நீக்கினால் கலெக்ட்டியும் இதே போல ஒடுங்கும். எல்லாம் போன பின்னும் டீமன் உயிரோடு இருக்கும், எதையும் அளக்காது. இந்த ஒடுக்கத்தைச் சித்தாந்தம் விடுதலையாகக் கொள்வதில்லை. கருவியின்றி ஆணவத்தில் மூழ்கிக் கிடப்பது கேவலம், கருவிகளோடு கூடிச் சிறிது அறிவது சகலம், கருவியைக் கடந்து அருளால் அறிவது சுத்தம் என மூன்று நிலைகளை அது வகுக்கிறது. அமைவுக் கோப்பால் காட்டக்கூடியவை முதல் இரண்டு நிலைகள். மூன்றாவதற்கு அதில் எழுத வரி இல்லை.