யார் கணக்கில் பற்று?

டிசம்பர் 25, மத்தியானம் ஒன்றரை மணி. நாசரேத், சாயர்புரம், மெய்ஞ்ஞானபுரம் பக்கத்தில் ஏதாவது ஒரு கிறிஸ்தவ கிராமத்துக்குள் நுழைந்து பாருங்கள். வீட்டுக்கு வீடு பிரியாணி வாசனை. வாசலில் காகித நட்சத்திரம். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்த பிள்ளைகள் திண்ணை நிறையச் சத்தம். ஒரே ஒரு வீட்டில் மட்டும் அப்பா தூங்கிக்கொண்டிருப்பார். பசி இல்லாமல் இல்லை. உட்கார்ந்து சாப்பிடத் தெம்பு இல்லாமல்!

அந்த வீட்டுக்குப் பெயர் குருமனை. தேவாலயத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும், போதகர் குடியிருக்கும் வீடு. அந்தப் பக்கத்து ஜனங்கள் போதகரை 'ஐயர்' என்பார்கள். அவர் மனைவி 'ஐயரம்மா'. சென்னை வாசகர்கள் குழம்பிக்கொள்ள வேண்டாம்.

ஐயருக்கு ஒரு கோயில் மட்டும் என்று நினைக்காதீர்கள். நாலைந்து ஊர்ச் சபைகளைச் சேர்த்து ஒரு 'சேகரம்'. உதாரணத்துக்கு, ஆறு சபைகள் என்று வைத்துக்கொள்வோம். ஆறு ஊரிலும் ஞாயிறு பள்ளிக் குழந்தைகளின் நிகழ்ச்சி. ஆறு ஊரிலும் கீத பவனி. ராத்திரி முழுக்க வீடு வீடாகப் பாடிக்கொண்டு போவார்கள். 24-ம் தேதி ராத்திரி ஆராதனை, 25-ம் தேதி கோழி கூவும் முன் ஆராதனை, அது முடிந்ததும் பைக்கை உதைத்து அடுத்த ஊர். 31-ம் தேதி நடுராத்திரி மறுபடி. நடுவில் கல்யாணங்கள், ஞானஸ்நானங்கள். மரணம் வேறு பண்டிகை பார்த்து வருவதில்லை.

இது ஐயரின் டிசம்பர். ஐயரம்மாவின் டிசம்பர் இன்னும் நீளம். கீத பவனி முடிந்து வரும் பையன்களுக்கு ராத்திரி இரண்டு மணிக்குக் காபி. பெண்கள் ஐக்கிய சங்கத்தில் முன்னால் நிற்க வேண்டும். வந்தவர் எல்லாருக்கும் முறுக்கு, கேக். 'ஐயர் இருக்காகளா?' என்று கேட்டு வருகிறவர்களுக்குச் சிரித்த முகத்தோடு பதில். இதில் ஒரு விஷயம் கவனித்தீர்களா? ஐயரை நியமித்த உத்தரவில் அவர் பெயர் மட்டும்தான் இருக்கிறது. மனைவி பெயர் இல்லை. ஆனால் வேலை இரண்டு பேருக்கும்.

பிள்ளைகள்? புது டிரெஸ் கொஞ்சம் பளபளப்பாக இருந்தால், 'காணிக்கைப் பணம் எங்க போகுதுன்னு தெரியுதுல்ல!' சாதாரணமாக இருந்தால், 'ஐயர் பிள்ளை பண்டிகைக்கு இப்படியா வரும்?' வேதபாடப் பரீட்சையில் முதல் பரிசு வாங்கினால் 'வாங்காம என்ன!' வாங்காவிட்டால் 'ஐயர் வீட்லயே இப்படி!' சில வருஷத்துக்கு ஒருமுறை மாற்றல் வரும். புது ஊர், புது ஸ்கூல், அதே முன் வரிசை பெஞ்ச்.

இப்படி ஒரு வீட்டில் வளர்ந்த பெண் ஒருத்தி, கல்லூரியில் படிக்கிறவள், ஒருநாள் என்னிடம் சொன்னாள்: "எங்கப்பாவை எனக்கு ரொம்பப் பிடிக்கும் அங்கிள். கிறிஸ்துமஸைத்தான் பிடிக்காது."

ஏம்மா என்றேன்.

"கோயில்ல எல்லாப் பிள்ளைகளும் அவங்கவங்க அப்பா பக்கத்துல உக்காந்திருப்பாங்க. எங்கப்பா மட்டும் எப்பவும் மேல, பலிபீடத்துக்கிட்ட. ஒரு கிறிஸ்துமஸுக்காவது அப்பா என் பக்கத்துல உக்காந்து பாட்டுப் பாடணும். அவ்வளவுதான்."

பெரிய ஆசையா இது? இல்லை. ஆனால் பெரிய கேள்வி. ஊருக்கே உழைக்கிற மனிதனின் முதல் கடமை யாருக்கு? ஊருக்கா, வீட்டுக்கா?

இந்தக் கேள்விக்கு உலகம் பல பதில்களை முயன்று பார்த்திருக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபை கண்ட பதில், வீடே வேண்டாம் என்பது. 1139-ல் கூடிய இரண்டாம் லாத்தரன் பொதுச்சங்கம், குருமார் செய்துகொள்ளும் திருமணம் செல்லாது என்று அறிவித்தது. மனைவி, பிள்ளை இருந்தால்தானே 'என் அப்பா எங்கே?' என்று கேட்பார்கள்! கடுமையான பதில்தான். ஆனால் அதில் ஒரு நேர்மை இருக்கிறது. தியாகம் செய்கிறவர் தன் வாழ்க்கையை மட்டும்தான் கொடுக்கிறார்.

1525-ல் மார்ட்டின் லூதர், முன்னாள் கன்னியாஸ்திரியான கத்தரீனாவைக் கல்யாணம் செய்தார். குருமனைக் குடும்பம் என்ற ஏற்பாட்டுக்கு அந்த வீடுதான் முன்மாதிரி. பழைய மடத்தில் குடித்தனம், ஆறு பிள்ளைகள், கூடவே தங்கிப் படிக்கும் மாணவர்கள், விருந்தாளிகள். சாப்பாட்டு மேஜையில் லூதர் பேசியதையெல்லாம் மாணவர்கள் குறித்து வைத்தார்கள். 1566-ல் அது புத்தகமாகவே வந்தது. அந்த மேஜைக்குச் சாப்பாடு வந்த கதை? தோட்டம் போட்டு, மாடு பன்றி வளர்த்து, பீர் காய்ச்சி, அத்தனை பேருக்கும் பரிமாறியவர் கத்தரீனா. பேச்சு அவர் பெயரில், அடுப்பு இவர் பெயரில்.

நம்மூருக்கும் அந்த ஏற்பாடுதான் கப்பலேறி வந்தது. 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு, ஐரோப்பாவுக்குப் போயிருந்தபோது கல்யாணம் செய்துகொண்டு 1716-ல் மனைவியோடு திரும்பினார். அன்றிலிருந்து இன்றுவரை குருமனை விளக்கு அணைந்ததில்லை.

சரி, வேதாகமம் என்ன சொல்கிறது? அங்கேயும் இரண்டு குரல். தன் வீட்டை நடத்தத் தெரியாதவன் சபையை எப்படிக் கவனிப்பான் என்கிற பொருளில் பவுல் கேட்கிறார், தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில். மாற்கு சுவிசேஷத்தின் மூன்றாம் அதிகாரத்திலோ, தாயும் சகோதரர்களும் வெளியே வந்து நிற்கிறார்கள் என்று சொன்னபோது, தன்னைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களைக் காட்டி 'இவர்கள்தான்' என்கிறார் இயேசு. எந்த ஐயரும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பைக் ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

தத்துவக்காரர்கள் விட்டார்களா? 1793-ல் வில்லியம் காட்வின் என்ற ஆங்கிலேயர் ஒரு புதிர் போட்டார். வீடு தீப்பிடித்து எரிகிறது. உள்ளே ஒரு பேராயர். உலகத்துக்கே பயன்படும் புத்தகம் எழுதப் போகிறவர். கூடவே அவர் வீட்டு வேலைக்காரி. ஒருவரைத்தான் காப்பாற்ற முடியும். யாரை? பேராயரைத்தான் என்றார் காட்வின். அந்த வேலைக்காரி உங்கள் மனைவியாகவோ அம்மாவாகவோ இருந்தாலும்? அப்போதும் பேராயர்தான்! 'என்' என்ற சொல்லுக்குத் தனிச் சலுகை கிடையாது என்பது அவர் கட்சி.

படித்தால் பகீரென்கிறது, இல்லையா? ஆனால் ஊருக்கு உழைக்கிற பலர், காட்வின் பெயரைக் கேள்விப்படாமலேயே காட்வினாகத்தான் வாழ்கிறார்கள். காந்தியையே எடுத்துக்கொள்ளுங்கள். மூத்த மகன் ஹரிலால், இங்கிலாந்துக்குப் போய் பாரிஸ்டர் படிக்க ஆசைப்பட்டார். ஒரு நண்பர் மூலம் வந்த உதவித்தொகையை மகனுக்குக் கொடுப்பது முறையல்ல என்று நினைத்தார் காந்தி. அது வேறொரு இளைஞருக்குப் போயிற்று. 1911-ல் ஹரிலால் அப்பாவை விட்டுப் பிரிந்தார். பிறகு அவர் வாழ்க்கை சீரழிந்ததுதான் மிச்சம். 1948 ஜனவரி 30-ல் அப்பா போனார். அதே வருஷம் ஜூன் 18-ல் மகனும் போய்ச் சேர்ந்தார்.

காந்தி செய்தது நியாயமா, அநியாயமா? தன் மகன் என்பதற்காகத் தூக்கிக் கொடுத்திருந்தால் நாமே திட்டியிருப்போம். கொடுக்காததால் ஒரு மகன் உடைந்தான். நியாயமான காரியத்துக்கும் விலை உண்டு என்பதைத்தான் இது காட்டுகிறது. அந்த விலையை யார் கட்டினார்கள் என்று பார்ப்பதுதான் நம் வேலை.

நான் படித்தது பி.காம். வாழ்க்கையில் பெரிதாகப் பயன்பட்ட படிப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் முதல் வருஷம் சொல்லிக்கொடுத்த ஒரு விஷயம் மறக்கவில்லை. இரட்டைப் பதிவு முறை. 1494-ல் லூக்கா பச்சோலி என்ற பாதிரியார்தான் அதைப் புத்தகத்தில் எழுதி அச்சிட்டவர். ஆமாம், பாதிரியாரேதான்! ஒரு கணக்கில் வரவு எழுதினால், இன்னொரு கணக்கில் பற்று எழுதியே ஆக வேண்டும். சும்மா எதுவும் வந்து விழாது.

ஐயர் ராத்திரி பகலாக உழைக்கிறார். 'என்ன தியாகம்!' என்று ஊர் அவர் கணக்கில் வரவு வைக்கிறது. பற்று யார் கணக்கில்? அந்தப் பெண் பக்கத்தில் காலியாக இருக்கிற இடம் இருக்கிறதே, அதுதான் பற்று. ராத்திரி இரண்டு மணிக் காபி, பற்று. அவர்கள் பேரேட்டை யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை.

என் தூக்கத்தை நான் தானம் செய்யலாம். என் பணத்தை, என் உடம்பைக்கூட. ஆனால் என் மகளின் பண்டிகையைத் தானம் செய்ய எனக்கு உரிமை உண்டா? அவளாகக் கொடுத்தால் அது காணிக்கை. கேட்காமல் எடுத்தால் அது வரி.

நீங்கள் கேட்கலாம். 'என்ன சார், குருமனையில் வளர்ந்தவர்கள் எல்லாம் வீணாய்ப் போய்விட்டார்களா?' இல்லவே இல்லை. பிரான்ட்டி சகோதரிகள், வான் கோ, மார்ட்டின் லூதர் கிங், ஜெர்மனியை 2005 முதல் 2021 வரை ஆண்ட ஏஞ்சலா மெர்க்கல்... எல்லாரும் போதகர் வீட்டுப் பிள்ளைகள். புத்தகம், பாட்டு, பலவகை மனிதர்கள், மேடையில் பயமில்லாமல் நிற்கும் தைரியம் எல்லாம் அந்த வீடு கொடுத்த சொத்து. அதை மறுக்கவில்லை. ஆனால் சொத்து கொடுத்ததற்காகக் கடன் ரத்தாகிவிடாது.

இன்னொரு கேள்வியும் வரும். 24-ம் தேதி ராத்திரி ஒரு வீட்டில் சாவு விழுகிறது. 'இருங்க, என் பொண்ணுகூட கேக் வெட்டிட்டு வர்றேன்' என்று ஐயர் சொல்ல முடியுமா? முடியாது. சொல்லவும் கூடாது. அந்தப் பெண்ணே அனுப்பி வைப்பாள். அவள் கோபம் அந்தச் சாவு வீட்டின் மேல் இல்லை.

ஒரு ஐயரிடமே இதைப் பேசியிருக்கிறேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். மெதுவாகச் சிரித்தார். "சாவு வீட்டுக்குப் போறது கஷ்டமே இல்ல தம்பி. அங்க நான் வேணும். பண்டிகையன்னிக்கு நாப்பது வீட்டுக்குப் போய் நாப்பது துண்டு கேக் திங்கணுமே, அதுதான். ஒரு வீட்ட விட்டாலும் 'எங்க வீட்டுக்கு மட்டும் ஐயர் வரல'ன்னு அடுத்த கிறிஸ்துமஸ் வரைக்கும் பேச்சு."

இங்கேதான் விஷயம் இருக்கிறது. குருமனைப் பிள்ளையின் அப்பாவைப் பறிப்பது பெரும்பாலும் ஊரின் தேவை அல்ல. ஊரின் கௌரவம். தேவைக்காக ஒருவர் வீட்டை விட்டு வருவது கடமை. நம் கௌரவத்துக்காக அவரை இழுத்து வருவது சுரண்டல். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். இரண்டுக்கும் ஒரே அங்கிதான், ஒரே ஜெபம்தான். அதனால்தான் நமக்கு உறுத்துவதில்லை.

வள்ளுவர் அறத்துப்பாலை அடுக்கியிருக்கும் வரிசையைப் பாருங்கள். இல்லறவியலுக்கு 20 அதிகாரம், துறவறவியலுக்கு 13. முதலில் வருவது இல்லறம்தான். மனைவி, மக்கள், அன்பு, அதன் பிறகுதான் விருந்தோம்பல். மக்களைத் தாண்டித்தான் விருந்தாளியிடம் போகிறார் அவர். மக்களோடு நின்றுவிடு என்று சொல்லவில்லை. மக்களை மிதித்துக்கொண்டு போ என்றும் சொல்லவில்லை.

'எனக்குத் தெரிந்த ஐயர் யாரும் இல்லையே' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். தீபாவளி ராத்திரி தீக்காய வார்டில் நிற்கிற நர்ஸ் வீட்டில் ஒரு பிள்ளை இருக்கிறது. பொங்கலுக்கு உங்களை ஊரில் இறக்கிவிட்ட பஸ் டிரைவர் வீட்டிலும் இருக்கிறது. அவர்களுக்காவது டியூட்டி முடிகிற நேரம் என்று ஒன்று உண்டு, மாற்று விடுமுறை உண்டு. ஐயருக்கு அதுவும் இல்லை. உங்கள் டாக்டரை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாதாரண ஜலதோஷத்துக்காக போனில் கூப்பிடுகிறீர்களே, அப்போது யாருடைய தட்டிலிருந்து அவரை எழுப்புகிறீர்கள்?

கிறிஸ்துமஸ் கதையே, சத்திரத்தில் ஒரு குடும்பத்துக்கு இடம் கிடைக்காமல் போன கதைதான். ஊர் மேல் தப்பில்லை. கூட்டம், அவ்வளவுதான். இன்றைக்கு அந்தக் கதையை ஊருக்குச் சொல்கிற வீட்டில் எல்லாருக்கும் இடம் இருக்கிறது. அந்தக் குடும்பத்துக்குத்தான் இடம் கிடைப்பதில்லை.

என்ன செய்யலாம்? பெரிய சீர்திருத்தம் எதுவும் வேண்டாம். பண்டிகையன்று 'எங்க வீட்டுக்கு வரணும்' என்பதற்குப் பதில், 'அடுத்த வாரம் வந்தாப் போதும் ஐயா, இன்னிக்கு வீட்ல இருங்க' என்று நாற்பது வீடும் சொல்லலாம். ஓய்வு பெற்ற குருவானவர் ஒருவரை அழைத்து, ஒரே ஒரு ஆராதனையை நடத்தச் சொல்லலாம். அந்த ஒரு மணி நேரம் ஐயர் கீழே இறங்கி, பெஞ்சில் மனைவி பிள்ளைகளோடு உட்காரட்டும். தன் குரலில் இல்லாத பிரசங்கத்தைக் கேட்கட்டும். அவரும் மனுஷன்தானே, அவருக்கும் யாராவது நற்செய்தி சொல்ல வேண்டாமா?

நன்றி சொல்வது சுலபம். 'உங்க தியாகத்துக்கு நன்றி' என்று சால்வை போர்த்தி, போட்டோ எடுத்து, வாட்ஸ்அப்பில் போட்டுவிடலாம். அது மறுபடியும் அவர் கணக்கில் இன்னொரு வரவு. பற்று அப்படியே நிற்கும். அதை அடைக்க ஒரே வழிதான் உண்டு. எடுத்த நேரத்தில் கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுப்பது.

இந்த டிசம்பரில் யார் வீட்டுக் கதவையாவது தட்டப் போகிறீர்களா? தாராளமாகத் தட்டுங்கள். தட்டும் முன்பு ஒரு நிமிஷம், உள்ளே யார் குரல் கேட்கிறது என்று மட்டும் கவனியுங்கள்.