குடையும் கறிவேப்பிலையும்

ஓட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சி. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டார். அதுவரை போட்டியின்றி இருந்த பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி, கட்டணத்தைத் தலைக்கு ஒரு ரூபாயாக இறக்கியது. சுதேசிக் கம்பெனி எட்டணாவுக்கு வந்தது. உடனே வெள்ளைக்காரக் கம்பெனி, காசே வேண்டாம் என்றதோடு ஏறுகிறவர்களுக்கு ஒரு குடையும் தருவதாகச் சொன்னது.

கையில் காசில்லாதவனுக்கு அது உபகாரம்தான். வாங்கியவனைக் குறை சொல்வதற்கில்லை. கொடுத்தவன் கணக்குதான் வேறு. 1911-இல் சுதேசிக் கம்பெனி கலைந்த பிறகு குடைக்கு என்ன அவசியம்?

இன்றைக்கும் தூத்துக்குடிக் கரையில் பஞ்சகாலம் தேதி வைத்து வருகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பளத்தில் வேலை கிடையாது. உள்ளே பாஞ்சாலங்குறிச்சிப் பக்கம் மானாவாரி நிலம். அங்கே மழை பொய்த்தால் சிரமம். இந்த மாதங்களில் குடும்பங்களைத் தாங்குவது பெரும்பாலும் அண்ணாச்சி கடைப் பற்று நோட்டுதான். காய் வாங்கினால் கேட்காமலே கொசுறாக ஒரு கொத்துக் கறிவேப்பிலை விழும். அதைவிடப் பெரிய உபகாரம் ஒன்று உண்டு. பாக்கி எவ்வளவு என்று கேட்டால், நாலு பேர் நிற்கும்போது தொகையை வாய்விட்டுச் சொல்லாமல் நோட்டைத் திருப்பிக் காட்டுவது. கடைக்காரருக்கு அதில் பைசா செலவில்லை. வாங்க வந்தவரின் மானம் தப்புகிறது.

இதுவும் வியாபாரத் தந்திரம்தானே என்று கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். பற்று வைத்தவர் வேறு கடைப் படி ஏற முடியாது. ஆனால் ஆதாயம் கலந்திருப்பதாலேயே பரிவு பொய்யாகிவிடாது. கடை நடத்துகிறவரும் பிழைக்க வேண்டும். பார்க்க வேண்டியது விலையை. ரொக்கத்துக்கு ஒரு விலை, பற்றுக்கு ஒரு விலை என்று வைத்துக்கொண்டு கறிவேப்பிலையைச் சும்மா கொடுத்தால், அதுவும் கம்பெனிக் குடைதான்.

உப்பளத் தொழிலாளருக்கு அரசு தரும் மழைக்கால நிவாரணம் 5,000 ரூபாய். அது கைக்கு வந்த அன்றே கடைக்காரர் மொத்தத்தையும் பழைய பாக்கியில் கழித்துக்கொள்வது நியாயம். தப்பு சொல்ல முடியாது. “பாதிய இப்பத் தாங்கக்கா, மிச்சத்த அளம் தொறந்ததும் பாத்துக்கிடலாம்” என்பது நியாயத்துக்கும் ஒரு படி மேலே. மொத்த வியாபாரி அந்த அண்ணாச்சிக்கே தவணை தராதபோது, அவரிடம் இதை உரிமையாக எதிர்பார்ப்பதும் சரியில்லை.