கண்டவனுக்கே சொந்தமா?

பொது நிலத்தில் புதைந்துள்ள செல்வம் யாருக்கு உரியது? கண்டெடுத்தவனுக்கே என்கிறது அமெரிக்காவின் 1872ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம். தங்கமோ யுரேனியமோ எடுப்போர் அரசுக்கு அதன்கீழ் உரிமைத்தொகைகூடச் செலுத்த வேண்டுவதில்லை.

கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கைச் சுற்றிச் சுமார் 10 இலட்சம் ஏக்கரில் புதிய சுரங்க உரிமைகோரல்களுக்கு 2012இல் 20 ஆண்டுத் தடை விதிக்கப்பட்டது. 2023இல் அப்பகுதியில் தேசிய நினைவுச்சின்னமும் அறிவிக்கப்பட்டது. இரண்டும் ஆட்சியாளரின் ஆணைகள். நாடாளுமன்றம் இயற்றிய சட்டங்கள் அல்ல. முன்பே நிலைபெற்ற உரிமைகளை அவை தொடவுமில்லை.

யுரேனியம் மின்சாரம் தரும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் பள்ளத்தாக்கினுள் வாழும் ஹவாசுபாய் மக்களுக்கு நிலத்தடி ஊற்றே குடிநீர். அதில் நஞ்சு கலந்தால் ஈடு செய்வார் யார்? தலைமுறைகளுக்குரிய நீரை ஆள்வோரின் மனப்போக்குக்கு விட்டுவிடுதல் அறமன்று. நிலைத்த சட்டமே அதற்குக் காவல் என்போம்.